நான் அழித்த கோடு

பிழை ஒரே வரி. அந்த வரியை முதலில் எழுதியவன் நானல்ல. அதை எழுதியவர் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்திருந்தார். நான் எச்சரிக்கையை அழித்தேன். வரியை வைத்துக்கொண்டேன். எங்கள் அலுவலகம் கட்டிய ஒவ்வொரு இணையதளத்திலும் அதைப் போட்டேன். அதனால் ஒரு மாணவிக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்காமல் போனது. பிழையை முன்கூட்டியே கண்டு சொன்ன இன்னொரு பெண்ணுக்கு வேலை போனது. இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

முழுதாகச் சொல்வதென்றால் கொஞ்சம் தொழில் விஷயம் பேசியாக வேண்டும். அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் என்ன செய்தேன் என்பது புரிந்தால்தான், அதைத் தவிர்ப்பது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதும் உங்களுக்குப் புரியும்.

ஒரு வலைப்பக்கத்துக்கு நாம் எந்த அலங்காரமும் எழுதாமல் விட்டாலும் அது வெறுமையாகத் திரைக்கு வருவதில்லை. பிரவுசருக்குள்ளேயே ஒரு ஸ்டைல்ஷீட் இருக்கிறது. அது பக்கத்தைச் சுற்றி 8 பிக்சல் இடம் விடும். முதன்மைத் தலைப்பை மற்ற எழுத்தைப் போல இரு மடங்காக்கும். பத்திக்கு மேலும் கீழும் ஓர் எழுத்தளவு இடைவெளி கொடுக்கும். பட்டியலை 40 பிக்சல் உள்ளே தள்ளிப் புள்ளி வைக்கும். இணைப்புகளை நீலமாக்கி அடிக்கோடிடும். விசைப்பலகையில் டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால், இப்போது எந்தப் பெட்டியில், எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்ட அதைச் சுற்றி ஒரு கோடு வரையும். பழைய பிரவுசர்கள் சிலவற்றில் அது புள்ளிக்கோடாக இருந்தது. சிலவற்றில் நீல வளையம். தொழிலில் அந்தக் கோட்டை அவுட்லைன் என்போம், அப்படி நிற்கும் நிலையை ஃபோகஸ் என்போம். இந்த வாக்குமூலம் அந்தக் கோட்டைப் பற்றியது.

2000-களில் இந்த டீஃபால்ட் அலங்காரத்தின் மீது எங்கள் எல்லோருக்கும் கோபம் இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது. ஒரே பட்டியலை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மார்ஜின் என்னும் வெளி இடைவெளியைக் கொண்டு உள்ளே தள்ளும். ஃபயர்பாக்ஸ் பேடிங் என்னும் உள் இடைவெளியைக் கொண்டு தள்ளும். மார்ஜினைச் சுழியமாக்கினால் ஒன்றில் பட்டியல் ஓரத்துக்கு வந்துவிடும், மற்றதில் அசையாது. இப்படிச் சின்னச் சின்ன வேறுபாடுகளைச் சரிக்கட்டியே இரவுகள் போயின. ஆகவே எல்லாவற்றையும் முதலில் சுழியமாக்கிவிட்டுச் சமதளத்திலிருந்து தொடங்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 2004-இல் டான்டெக் செலிக் அப்படியொரு கோப்பை வெளியிட்டார். 2006-இல் யாஹூவின் ஒய்யூஐ நூலகத்தோடு ஒரு ரீசெட் வந்தது. 2007-இல் எரிக் மேயர் எழுதியதுதான் உலகமெங்கும் பரவியது. என் கைக்கும் வந்தது.

மேயர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் அவர் சொன்னார். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃபோகஸ் நிலைக்கு அவுட்லைனைச் சுழியமாக்கும் வரி இருந்தது. அதற்கு நேர் மேலே, ஃபோகஸுக்கான ஸ்டைலை நீங்கள் எழுத மறக்க வேண்டாம் என்று குறிப்பும் இருந்தது. அதாவது, பிரவுசரின் கோட்டை எடுக்கிறேன், அதற்குப் பதில் உங்கள் கோட்டை நீங்கள் வரையுங்கள் என்பதே அவர் போட்ட ஒப்பந்தம்.

அந்தக் குறிப்பை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்துவிட்டு, கோப்பின் அளவைக் குறைக்க வேண்டும் என்று எல்லாக் குறிப்புகளையும் நீக்கினேன். இதுவும் போனது. ஒரு குறிப்பை எடுத்தால் எத்தனை பைட் மிச்சமாகும்? ஒன்றுமில்லை. எனக்குச் சுத்தமான கோப்பு வேண்டியிருந்தது. அதை விடவும், என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோப்பு வேண்டியிருந்தது. குறிப்புகள் போன இடத்தில் முதல் வரியாக என் பெயரைப் போட்டேன். அடித்தளக் கோப்பு என்று தலைப்பிட்டேன். இன்னும் சில வரிகளைச் சேர்த்தேன், சிலவற்றைக் கழித்தேன். வேலை மாறியபோதெல்லாம் அதைக் கையோடு கொண்டுபோனேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டி, இதில் யாரும் கை வைக்கக்கூடாது என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

2011-இல் மேயர் தன் ரீசெட்டின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அதில் அந்த வரி இல்லை. கோட்டை எடுத்தவர்கள் பலர், பதிலுக்கு வரைந்தவர்கள் சிலரே என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. அவர் திருத்திக்கொண்டார். அதே காலத்தில் நிக்கோலஸ் கலாகரும் ஜொனாதன் நீலும் நார்மலைஸ் என்ற கோப்பைத் தந்தார்கள். அது எல்லாவற்றையும் துடைப்பதில்லை. பிரவுசர்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களை மட்டும் ஒழுங்கு செய்யும், பயனுள்ள டீஃபால்டுகளைத் தொடாது. இரண்டையும் நான் பார்த்தேன். என் கோப்பை மாற்றவில்லை. மாற்றினால் அத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது தவறு என்றாகிவிடும். இளையவர்கள் முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. இதற்கு அகம்பாவம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

2016-இல் ஓர் அறக்கட்டளைக்கு இணையதளம் கட்டினோம். கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் அறக்கட்டளை. விண்ணப்பம் முழுக்க இணையத்தில், தமிழில். பெயர், முகவரி, மதிப்பெண், குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு, சான்றிதழ்களை ஏற்றும் இடம். நீளமான படிவம். அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'அழி', மற்றது 'சமர்ப்பி'. அழுத்தினால் படிவம் முழுவதையும் வெறுமையாக்கும் பொத்தான் இடப்பக்கம், அனுப்பும் பொத்தான் வலப்பக்கம். நிரலிலும் அதே வரிசை. உண்மையிலேயே அழிக்கட்டுமா என்று கேட்கும் ஒரு பெட்டியை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 'அழி' பொத்தானே தேவையில்லை. பழைய படிவங்களில் இருந்ததால் இதிலும் இருந்தது. இதுவும் என் கவனக்குறைவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கூச்சம் அதிகம். என் கோப்பில் வரி உயரத்தை 1 என்று வைக்கும் கட்டளையும் இருந்தது. மேயரின் கோப்பிலிருந்து வந்தது. ஆங்கில எழுத்துக்கு அது நெருக்கமாக இருந்தாலும் தாங்கும். தமிழுக்குத் தாங்காது. புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் மேலே எழும். உகரமும் ஊகாரமும் கீழே இறங்கும். தளத்தின் தலைப்புப் பட்டையில் மிச்சப்பகுதியை மறைக்கும் கட்டளையும் சேர்ந்திருந்ததால் எழுத்துகளின் அடி வெட்டுப்பட்டது. ழகரத்தின் வால் போய்க் கிட்டத்தட்ட மகரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்த நிமிடம் எனக்குப் பொறுக்கவில்லை. உடனே உட்கார்ந்து தமிழ்ப் பக்கங்களுக்கு வரி உயரத்தை 1.6 ஆக்கினேன். யாரும் கை வைக்கக்கூடாது என்ற கோப்பில் நானே கை வைத்தேன். என் கண்ணில் குத்திய பிழை, ஆகவே அன்றே சரியானது.

அதே வாரம் எங்கள் டெஸ்டர் என் மேசைக்கு வந்தாள். ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த பெண். படிப்பு முடித்து முதல் வேலை. நிரல் எழுதுகிறவர்களிடம் வந்து குறை சொல்வதற்கே தயங்குவாள். அன்று தயங்கிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, இந்த ஃபார்ம்ல டேப் அழுத்திக்கிட்டே போனா எங்க நிக்கிறோம்னே தெரியல. பட்டன்ல சுத்தமா தெரியல."

எழுத்துப் பெட்டிகளில் துடிக்கும் கர்சரையாவது பார்க்கலாம். பொத்தானில் அதுவும் கிடையாது. அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒருகணம்கூட எனக்கு அதில் சந்தேகம் இல்லை. எந்த வரி என்பதும் தெரியும். கோப்பைத் திறந்து அதை நீக்கினால் போதும். அல்லது அதன் கீழே, ஃபோகஸ் வந்தால் 3 பிக்சல் கோடு போடு என்று இன்னொரு வரி எழுதினால் போதும். அவள் என் மேசையருகே நின்ற நேரத்திலேயே முடிந்திருக்கும்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அது டிசைன்மா. மவுஸ்ல க்ளிக் பண்ணா நீலக் கட்டம் வருதுன்னு க்ளையன்ட்டுக்குப் பிடிக்காது. மவுஸ் இல்லாம யாரு ஃபார்ம் போடப்போறாங்க?"

"பக் லிஸ்ட்ல போட்டு வைக்கட்டுமா அண்ணா?"

"வேண்டாம். அதெல்லாம் பக் இல்ல."

அவள் போய்விட்டாள். எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னது நான்.

அந்த உரையாடலில் நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் நீலக் கட்டத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. வேறு யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சொன்னதை இவர்கள் தலையில் கட்டினேன். மவுஸ் இல்லாமல் யார் படிவம் நிரப்புவார்கள் என்ற கேள்விக்கு விடையும் எனக்குத் தெரியும். வலை உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகுவதற்கான டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டி 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது. விசைப்பலகையால் நகரும்போது ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் 2.4.7 என்ற எண்ணுள்ள விதி. நான் அதைப் படித்தவன். பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடரின் குரல் வழியே இடத்தை அறிந்துகொள்வார்கள். கண் தெரிந்து, கை மட்டும் ஒத்துழைக்காதவர்களுக்கு அந்தக் கோட்டைவிட்டால் வேறு துணை இல்லை. கை நடுக்கம் உள்ளவர்கள், விரல் மடங்காதவர்கள், வாயில் குச்சியைக் கடித்து விசையை அழுத்துகிறவர்கள். இவ்வளவும் தெரிந்துதான் யார் போடப்போகிறார்கள் என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன்? அவள் சுட்டிய வரி என் கோப்பில் இருந்தது. வேறொருவர் எழுதிய நிரலில் இருந்திருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பேன். அவளைப் பாராட்டியும் இருப்பேன்.

கடைசித் தேதி முடிந்த மறுநாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. தளத்தின் அடியில் எங்கள் எண் இருந்தது. எடுத்தது நான். பேசியவர் ஒரு தகப்பனார். இரவுக் காவல் வேலை பார்ப்பவர்.

"சார், என் பொண்ணுக்குக் கை நடுங்கும். மவுஸப் பிடிக்க முடியாது. கீபோர்டுலதான் எல்லாம் பண்ணுவா. நேத்து ராத்திரி எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டு என்டர் அடிச்சா மொத்தமும் அழிஞ்சு போச்சாம். திரும்பத் திரும்பப் போட்டிருக்கா. திரும்பத் திரும்ப அழிஞ்சிருக்கு. பன்னெண்டு மணியோட மூடிட்டாங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தளத்தைத் திறந்தேன். மவுஸைத் தள்ளி வைத்தேன். டேப் விசையை அழுத்திக்கொண்டே போனேன். சான்றிதழ் ஏற்றும் இடம் வரை கணக்கு வைக்க முடிந்தது. அதற்குப் பிறகு திரையில் எதுவும் அசையவில்லை. ஃபோகஸ் 'அழி' பொத்தானில் இருந்தது. பார்க்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. அனுப்பும் பொத்தான்தான் என்று நினைத்து என்டர் அழுத்தினேன். படிவம் வெறுமையானது.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்பது எனக்குத் துல்லியமாகப் புரிந்தது. நடுங்கும் கையால் ஒவ்வோர் எழுத்தாக முகவரி அடித்திருப்பாள். வங்கிக் கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றியிருப்பாள். கடைசியில் என்டர். எல்லாம் போயிருக்கும். தன் கை எங்கோ தவறிவிட்டது என்று நினைத்திருப்பாள். மறுபடி முதலிலிருந்து. கை தவறவில்லை. கை சரியாகத்தான் போனது. கை போன இடத்தை நான் மறைத்து வைத்திருந்தேன்.

தகப்பனார் பதிலுக்குக் காத்திருந்தார். நான் கேட்டேன்: "எந்த பிரவுசர்ல சார் ஓபன் பண்ணாங்க?"

அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அது எனக்குத் தெரியும். எனக்குச் சில நொடிகள் வேண்டியிருந்தன, அதற்காகத்தான் கேட்டேன். அவர் தடுமாறினார். பொண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "எங்க சைடுல ப்ராப்ளம் எதுவும் தெரியல சார். நெட் ஸ்லோவா இருந்திருக்கும். எதுக்கும் நீங்க அறக்கட்டளை ஆபீஸ்ல பேசிப் பாருங்க."

"சரிங்க சார். நன்றிங்க" என்று சொல்லி வைத்தார்.

என் எதிரே திரையில் அந்த வெறும் படிவம் இருந்தது. தவறு எங்களுடையது, அறக்கட்டளைக்கு நானே எழுதித் தருகிறேன், உங்கள் மகளுக்கு ஒரு நாள் திறந்துவிடச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் அது நடந்திருக்கவும் கூடும். இணையதளப் பிழை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் அவர்கள் தேதியைத் தளர்த்தியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிழை எங்கள் பக்கம் இல்லை என்று நான் சொன்ன பிறகு அவர்களிடம் தளர்த்துவதற்குக் காரணம் இல்லாமல் போனது. விதிப்படி நடந்துகொண்டார்கள். அந்த ஆண்டு அவளுக்குத் தொகை இல்லை. அவள் படிப்பைத் தொடர்ந்தாளா, எப்படித் தொடர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை. தகப்பனாரின் எண் அழைப்புப் பட்டியலில் இருந்தது. அதைக் குறித்தும் வைத்தேன். அழைக்கவில்லை. முதலில் வேலை போய்விடும் என்ற பயம். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எப்படி அழைப்பது என்ற வெட்கம். வெட்கம் பயத்தைவிட நீண்ட நாள் உதவியது.

அன்று இரவு அலுவலகம் காலியான பிறகு கோட்டைத் திரும்ப வைத்தேன். 'அழி' பொத்தானை நீக்கினேன். மாற்றத்தைப் பதிவு செய்யும்போது என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'சிறு ஸ்டைல் திருத்தங்கள்' என்று எழுதினேன். பின்னால் யாராவது தேடினாலும் கண்ணில் படக்கூடாது என்று யோசித்துத்தான் எழுதினேன்.

சில நாள் கழித்து அறக்கட்டளையிலிருந்து எழுத்தில் புகார் வந்தது. தகப்பனார் விடவில்லை, நேரில் போயிருக்கிறார். எங்கள் மேலாளர் கூட்டம் போட்டார். இப்போது தளம் சரியாக இருக்கிறதே, அப்போது எப்படி இருந்தது என்று கேட்டார். யாரும் பேசவில்லை. பிறகு டெஸ்டர் பக்கம் திரும்பினார். "கீபோர்டு வெச்சு டெஸ்ட் பண்ணலையாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் படிப்பதற்கு எதுவும் இல்லை.

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "பண்ணேன் சார்" என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் பக் லிஸ்ட்டில் ஏன் இல்லை என்றார். பதில் சொல்லவில்லை. அண்ணன் என்று கூப்பிட்டவன் தானாகச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள் என நினைக்கிறேன். காத்திருப்பதற்குப் போதுமான மௌனம் அந்த அறையில் இருந்தது. அத்தனை நேரமும் நான் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்தேன் என்பதற்காக எந்தச் சலுகையும் எனக்கு வேண்டாம்.

டெஸ்டிங்கில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று அறக்கட்டளைக்குப் பதில் போனது. அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் வந்தாள். "வரேன் அண்ணா" என்றாள். நல்ல கம்பெனி கிடைக்கும்மா என்று வாழ்த்தினேன். அந்த வாழ்த்தைச் சொன்ன வாயோடுதான் இன்றும் இருக்கிறேன்.

பல ஆண்டுகள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மவுஸால் அழுத்தும்போது கோடு வேண்டாம், விசைப்பலகையால் வரும்போது மட்டும் வேண்டும் என்று பிரித்துச் சொல்ல அன்று நேரடி வழி இல்லை என்பதே அது. ஃபோகஸ்-விசிபிள் என்ற தேர்வி அந்தப் பிரிவைத் தருகிறது. குரோம் 86-இல், 2020 அக்டோபரில் வந்தது. ஃபயர்பாக்ஸ் 85-இல், 2021 தொடக்கத்தில். சஃபாரி 15.4-இல், 2022 மார்ச்சில். இவை வந்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி பிறந்தது. பார்த்தாயா, அப்போது கருவி இல்லை, இப்போதுதான் வந்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இதுவும் பொய். கோட்டை அப்படியே விட்டிருந்தால் எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது. பிரவுசர் அதை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. நான் மெனக்கெட்டு அழித்தேன். மவுஸால் அழுத்துகிறவர் கண்ணுக்கு ஒரு நொடி தெரியும் கட்டத்தைத் தவிர்க்க, மவுஸ் பிடிக்க முடியாதவரின் வழியை எடுத்தேன்.

ஸ்டைல்ஷீட்டுகளை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் எந்த எண்ணத்தோடு பிறந்தது என்பதைப் பின்னால் நிதானமாகப் படித்தேன். ஹோகன் வியும் லீ 1994-இல் முன்வைத்த யோசனையிலேயே, பக்கத்தின் தோற்றத்தில் எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் சேர்ந்தே பங்கு உண்டு. பிரவுசரின் ஸ்டைல், படிக்கிறவரின் ஸ்டைல், எழுதுகிறவரின் ஸ்டைல் என்று மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து இறங்கும். 1996-இல் வந்த முதல் பதிப்பில், மிக முக்கியம் என்று இருவருமே குறித்த கட்டளைகள் மோதினால் எழுதுகிறவர் வெல்வார். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைத் திருப்பிப் போட்டார்கள். படிக்கிறவரே வெல்வார். பெரிய எழுத்தும் வேறு நிறமும் தேவைப்படுகிறவர்களுக்காகச் செய்த மாற்றம் அது. இதைப் படித்தபோது என் அடித்தளக் கோப்பு எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று புரிந்தது. கீழே இருந்ததை நான் குப்பை என்று நினைத்தேன். அது ஒருவருக்காக யோசித்து வைத்த இடம். எழுத்தளவைப் பிக்சலில் கட்டியதும் என் கோப்புதான். பார்வை மங்கியவர் பிரவுசர் அமைப்பில் 16-ஐ 24 ஆக்கினாலும் என் பக்கங்களில் எழுத்து வளராது. பட்டியலின் புள்ளிகளை எடுத்ததும் என் கோப்புதான். அப்படி எடுத்தால் சஃபாரியில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டியல் என்று சொல்லாமல் விட்டுவிடும். அந்த வரிகளால் யார் யார் தடுமாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

டெஸ்டராக இருந்த பெண்ணைப் பிறகு தேடிப் பிடித்தேன். அவள் இப்போது வேறு ஊரில், வேறு துறையில் இருக்கிறாள். மென்பொருள் வேலைக்கு அவள் திரும்பவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். அவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், பழைய கதை என்று விட்டுவிட்டார். அவள் பதில் எழுதினாள். "எனக்குத் தெரியும் அண்ணா. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்." அதற்கு மேல் எதுவும் இல்லை. மன்னித்தேன் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

தகப்பனாரின் எண்ணையும் அழைத்தேன். அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

என் கோப்பு போன இடங்களைப் பட்டியல் எடுக்க முயன்றேன். பழைய அலுவலகங்களுக்கு எழுதினேன். சிலர் திருத்தினார்கள். சிலர், அந்தத் தளம் இப்போது எங்கள் கையில் இல்லை என்றார்கள். சிலரிடமிருந்து பதில் வரவில்லை. சில தளங்களைத் திறந்து டேப் விசையை அழுத்திப் பார்த்தேன். இன்னும் கோடு இல்லை. ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம் அதில் ஒன்று. அவற்றுக்குள் நுழையும் அனுமதி இப்போது என்னிடம் இல்லை. என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் தங்கள் இடங்களில் எத்தனை தளங்களில் போட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அவர்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் திட்டங்களில் அடித்தளக் கோப்பு என்று தலைப்பிட்ட ஸ்டைல்ஷீட்டைத் தேடுங்கள். முதல் வரியில் என் பெயர் இருக்கும். அதில் ஃபோகஸ் நிலைக்கு அவுட்லைன் 0 என்று ஒரு வரி வரும். அதை நீக்கிவிடுங்கள். மவுஸ் அழுத்தும்போது கோடு வேண்டாம் என்று யாராவது கேட்டால், ஃபோகஸ்-விசிபிளுக்கு 3 பிக்சல் அழுத்தமான கோடும் 2 பிக்சல் இடைவெளியும் கொடுங்கள், போதும். எழுத்தளவு பிக்சலில் இருந்தால், படிக்கிறவரின் அமைப்போடு சேர்ந்து வளரும் ரெம் அலகுக்கு மாற்றுங்கள். படிவத்தில் 'அழி' பொத்தான் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் பெட்டியிலிருந்து சமர்ப்பிக்கும் பொத்தான் வரை ஒருமுறை டேப் விசையிலேயே போய்ப் பாருங்கள். இடையில் எங்காவது உங்கள் இடம் தெரியாமல் போனால் அதைப் பக் லிஸ்ட்டில் எழுதுங்கள். வேண்டாம் என்று மூத்தவர் யார் சொன்னாலும் எழுதுங்கள்.